பழைய ஜிபிஎஸ்ஸில் பாப்பா

என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான்.

எங்கள் ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் இப்போது எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது; கல்லறைகள் எதுவும் தெரியாது. மகளைப் புதைத்த இடம் என் மோட்டார் சைக்கிள் ஜிபிஎஸ்ஸில் மட்டும் ‘பாப்பா’ என்று பதிவாகியிருந்தது. புதியதிலும் அது தானாக வந்துவிடும் என்று நம்பி, சுங்கைப்பட்டாணி டவுன் கடையில் பழையதைக் கொடுத்து மாற்றிவிட்டேன்.

“இதுல பாப்பா எங்கங்க?” என்றாள் மனைவி.

பதறிக் கடைக்கு ஓடினேன். நான் கேட்குமுன் கடைக்காரத் தம்பியே பழையதை நீட்டினார்.

“அழிக்கத்தான் போனேண்ணே. பாப்பான்னு இருந்துச்சு, மனசு வரல லா. புதுசுல ஏத்தித் தரவா?”

“வேணாம் தம்பி. புதுச நீங்களே வச்சுக்குங்க.”

மகளின் தலைமாட்டில் நின்று நான் பொத்தானை அழுத்தி இடத்தைப் பதிந்த கருவி இது. இனி மாற்றமாட்டேன்.

இன்றும் அதுதான் வழி காட்டியது. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாள், நவம்பர் 2.