மால்டாவில் முன்வரிசை

இன்று ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரப் பஸ்ஸில் என் மருமகனின் தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைபேசியில் ஒரு படம் காட்டினார்.

மால்டாத் தீவின் பழைய கோட்டை முற்றம். அங்கே நடந்த கோடை இசைவிழாவில் என் பேத்தி இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து வயலின் வாசிக்கிறாள். முன்வரிசையில் இந்த மனுசி, கையில் ஊன்றுதடியோடு.

என்னிடம் பேத்தி சொன்னது வேறு. "அங்க எல்லாம் படி அம்மம்மா. உங்களுக்கு ஏற ஏலாது."

"கனக்கப் படியோ?" என்று சம்பந்தியிடம் கேட்டேன்.

"இல்லையே அக்கா, லிஃப்ட் இருக்குது. நீங்கள் ஏன் வரேல்லை?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேத்திக்கு அழைத்தேன். லிஃப்ட் இருக்குதாமே என்றேன். அவள் சொன்னாள்.

"போனமுறை நீங்கள் தொடையில தாளம் போட்டனீங்கள். வாசிச்சு முடிய முன்னமே கைதட்டினனீங்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தவை. எனக்கு வெக்கமாப் போச்சு."

ஓம், தட்டினேன். ஆறு வயதில் அவள் வயலின் பூனை மாதிரி அழுத காலத்திலும் கைதட்டியது நான் ஒருத்திதான். அப்போது அவளுக்கு வெட்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாளாம். நண்டுக்கறி வேண்டுமாம்.

நண்டு வாங்கவோ, வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகவோ? சொல்லுங்கோ. மன்னிக்கச் சொல்ல வருகிறவர்கள் மட்டும் கீழே எழுத வேண்டாம்.