செயினைக் கழற்றிவிட்டு பெல்ட் போட்டேன்

பெல்ட்டுக்கு மூட்டு கிடையாது என்பது எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பைக் செயின் என்றால் ஒரு கண்ணியைக் கழற்றி, சுற்றிப் போட்டு, மறுபடி மாட்டிவிடலாம். பெல்ட் வளையல் மாதிரி முழு வட்டம். நான் முன்னால் பெல்ட் ஓடுகிற ஒரு புல்லி, பின்சக்கரத்தில் ஒரு புல்லி என்று இரண்டையும் பொருத்தி, சக்கரத்தைப் பூட்டி, நட்டுகளையெல்லாம் பல்லைக் கடித்து இறுக்கி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து பெல்ட்டை எடுத்தேன். அது உள்ளே போக வழியே இல்லை. அரை மணி நேரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, வண்டிக்கு மாலை போடப் போறியா?" என்றார்.

கடைசியில் மெக்கானிக் வந்து, நான் பூட்டிய எல்லாவற்றையும் அவிழ்த்து, பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையையே தனியாகக் கழற்றி, பெல்ட்டை உள்ளே விட்டார். "அண்ணே, அடுத்த தடவை எதுவும் செய்யணும்னா செய்றதுக்கு முன்னால போன் போடுங்க. செஞ்சதுக்கு அப்புறம் போடாதீக" என்றார்.

எதற்கு இந்த வேலை என்றால், என் வீட்டுக்காரியின் சேலைக்காக. சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்கு வண்டியில் போனோம். போய் இறங்கினால் புதுப் பட்டுச் சேலையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு கிரீஸ். பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. அடுத்த நான்கு நாளும் பேசவில்லை. அந்த நான்கு நாளில் போனில் வீடியோக்களாகப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரன் ஒருவன் பெல்ட் போட்ட வண்டியின் பின்பக்கத்தை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்களுக்கு மெஷின் சாமான் செய்து தருகிற லேத்துப் பட்டறைக்காரரிடம் புல்லிகளைக் கடையச் சொன்னேன். "நூறு சிசி வண்டிக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். நான்காவது தடவை கேட்காமல் கடைந்து கொடுத்தார். சேறும் கல்லும் பெல்ட்டில் ஏறாமல் இருக்கத் தகரத்தில் ஒரு மூடியும் செய்து மாட்டினார்.

உண்மையைச் சொன்னால், வண்டி அருமையாக ஓடியது. என் வாழ்க்கையில் நான் ஆரம்பித்து உருப்படியாக முடிந்த ஒரே காரியம் அதுதான். அதுதான் வினையாகவும் போனது.

போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். காய் எடுக்கிற பருவத்தில் எட்டு பெண்கள் காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி வருவார்கள். நான் கொஞ்சம் பிந்தி வண்டியில் போவேன். மேலே தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஒரே இறக்கம். மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இருக்கிற கெட்ட பழக்கம் எனக்கும் உண்டு: இறக்கம் வந்ததும் என்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டுவிடுவது. பெட்ரோல் மிச்சம். முன்பெல்லாம் அப்படி வரும்போது தொய்ந்த செயின் மட்டும் சளக் சளக் என்று கவரில் அடித்துக்கொண்டே வரும். இப்போது அதுவும் இல்லை. காற்று மாதிரி இறங்கினேன்.

முதல் நாள் அப்படி இறங்கிச் செடிகளுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தியபோது என் குரல் கேட்டது. நான் வாயே திறக்கவில்லை. எட்டில் ஒருத்தி என்னை மாதிரியே பேசிக்கொண்டிருந்தாள். தேவாரம் ஊரில் யானைக்குப் பயந்து நான் முருங்கை மரத்தில் ஏறி, கொப்பு ஒடிந்து விழுந்த கதை. தினமும் டீ நேரத்தில் நான் சொல்லுவது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என்னைவிடச் சிரிப்பாகப் பேச போடியிலேயே ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"மொத வருசம் ஒரு யானைதான் வந்துச்சு" என்றாள் அவள். "போன வருசம் குட்டியோட வந்துச்சு. இந்த வருசம் கூட்டமா வருது. அடுத்த வருசம் நம்ம ஜீப்புலயே ஏறி வந்துரும் பாரு."

"சிரிக்காம இருந்தா டீ நேரத்தை வெரசா முடிச்சுருவாருடி. சிரிச்சாத்தான் ரெண்டு நிமிசம் கூட உக்கார முடியுது" என்றாள் இன்னொருத்தி.

இதைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். நான் செடியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

சிரிப்பு பட்டென்று நின்றது. ஆனால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஓரத்தில் இருந்த அக்காவைப் பார்த்தார்கள். எட்டுப் பேரில் மூத்தவர் அவர். ஒரு சாக்கை விரித்து, வலது காலை நீட்டி, முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த பையில் பக்கத்தில் நின்ற பெண் தன் பையிலிருந்து ஒரு கை காயை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கை அப்படியே நின்றது.

ஏலக்காய் செடியின் அடியில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து எடுக்க வேண்டும். அக்காவுக்கு முட்டி மடங்காமல் எத்தனை நாளாயிற்றோ தெரியாது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: மற்ற ஏழு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சாயங்காலம் எட்டுப் பையும் ஒரே மாதிரி நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் செயின் சத்தம் மேலே வளைவில் கேட்டதும் அக்கா எழுந்து நின்றுவிடுவார். நான்கு வருடமாக நான் பார்த்தது எல்லாம் சுறுசுறுப்பாக நிற்கிற எட்டுப் பேரை.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "டீ குடிச்சாச்சா?"

அக்கா இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழுந்தார்.

மறுநாள் தோட்டத்தில் ஆள் இல்லை. ஜீப் டிரைவருக்குப் போன் செய்தேன். "அவுக எட்டுப் பேரும் குரங்கணி போற ஜீப்புல ஏறிட்டாகண்ணே. காப்பிக்கொட்டை எடுக்கப் போறாகளாம்" என்றார். தோட்டத்தில் காய் பழுத்து நிற்கிறது. இன்னும் நான்கு நாள் விட்டால் பாதியை அணில் தின்னும், மீதி வெடித்து மண்ணில் விழும். வேறு ஆள் தேடினால் பருவத்தில் யார் கிடைப்பார்கள்?

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருக்கா. எதுக்கு எந்திரிக்கிற?"

"சத்தமில்லாம வந்து பாக்கணும்னுதான வண்டிய மாத்துன?"

"சத்தியமா இல்லக்கா. என் வீட்டுக்காரி சேலையில கிரீசு பட்டுருச்சு."

"ஆமா, இத்தனை வருசமா படாத கிரீசு."

"உன்னைய வேலைய விட்டு நிப்பாட்ட மாட்டேன்க்கா. நீ சும்மா உக்காந்திருந்தாலும் சரி."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தைலப் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார்.

"சும்மா உக்காந்து கூலி வாங்குறவன்னு ஒருத்தரும் என்னையச் சொன்னதில்ல. நான் எடுக்கிறதை எடுக்கிறேன். முடியாதப்ப உக்கார்றேன். நீ பாக்கிறப்ப நான் உக்காந்திருக்கக் கூடாது. அம்புட்டுத்தான் தம்பி."

"அப்ப மறுபடி செயினையே மாட்டிர்றேன்க்கா."

"மாட்டிட்டு வா. கேப்போம்."

மெக்கானிக் என் முகத்தையே பார்த்தார். "சத்தம் வருதுன்னு எம்புட்டோ பேரு வந்திருக்காக. சத்தம் வரலைன்னு வந்த மொத ஆளு நீங்கதாண்ணே."

புது செயின் மாட்டினார். அதுவும் சத்தம் போடவில்லை. தொய்வாக வையுங்கள் என்றேன். தொழிலை அவமானப்படுத்திவிட்டேன் என்பதுபோல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என் பழைய செயினைத் தேடினோம். கடை வாசலில் பழைய டயர்களை யாரும் தூக்கிப்போகாமல் கம்பத்தோடு சேர்த்து அதில்தான் கட்டியிருந்தார். அதை அவிழ்த்து, தேய்ந்த பல்சக்கரங்களோடு சேர்த்து மாட்டி, ஓட்டிக் காட்டினார். தெருமுனை வரைக்கும் கேட்டது. "வெளியில எங்கயும் நான் மாட்டுனேன்னு சொல்லிராதீக" என்றார். என் வீட்டுக்காரி அன்றிலிருந்து கல்யாணங்களுக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து ஜீப்பில் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள் என்று டிரைவர் சொன்னார். நான் என்ஜினை அணைத்து, சளக் சளக் என்று மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி இறங்கினேன். போய்ச் சேர்ந்தபோது அக்கா செடியில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் போனேன்.

சாயங்காலம் பைகளை வைத்துவிட்டு எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். அக்கா கடைசியாக, கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்து, என் வண்டியை ஒரு தடவை பார்த்தார்.

"ஏந்தம்பி, அதுல ஹாரன்னு ஒண்ணு வச்சிருக்கான்ல? வளைவுல ரெண்டு தடவ அமுக்கிட்டு வந்திருந்தா போதாதா? கூறுகெட்டவனே."