நாடிக்குக் கீழே தொங்கிய வார்

என் அக்கா மரியரஞ்சனியின் கணவர் செபஸ்ரியன் யாழ்ப்பாணத்தில் ஓட்டோ ஓட்டியவர். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினார். அதே கட்டடத்தின் சாப்பாட்டு அறையில் நான் கோப்பை கழுவினேன். ஒஸ்லோவின் மேட்டுப்பக்கமான ரொம்சோசில் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஏப்ரலில் அத்தான் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வாங்கினார். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது அவருக்குப் பின்னால் நான்தான் இருப்பேன்.

அத்தான் பகிடிக்காரர். சாவியைப் போடும்போதே தொடங்கிவிடுவார்.

"என்ன அனஸ்ரேசியா, ஏறியாச்சோ?"

"ஓம் அத்தான்."

"நல்லாப் பிடிச்சிருக்கிறியோ?"

"ஓம்."

"எட்டாம் வகுப்பிலை உனக்கு ஓம் மட்டுந்தான் படிப்பிச்சவையோ?"

எட்டோடு படிப்பை நிறுத்தியவள் நான்; சிரிப்பேன். பின்னால் இருப்பவளுக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் பிடரிதான். அத்தான் ஹெல்மெட் போடுவார், ஆனால் நாடிக்குக் கீழே வாரைக் கொழுவமாட்டார். வாரின் நுனி காற்றில் ஆடி அவர் தோளில் தட்டிக்கொண்டே வரும். தெருவில் நிற்கும் பொலிசுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். இறங்கியதும் அவர் இன்னொரு பகிடி விடுவார். நான் சொல்லாமலே உள்ளே போய்விடுவேன்.

ஒக்ரோபர் கடைசியில் ஒரு காலை, வீட்டு வாசலில் புல் வெள்ளையாக உறைந்திருந்தது.

"அத்தான், வழுக்குமோ?"

"நாளையோடை இதை மூடி வைப்பம். அதுக்குப் பிறகு பஸ்தான்."

அன்றும் நான் என் வாரைக் கொழுவினேன். அவருடையது தொங்கியது.

மலைச்சரிவின் இரண்டாவது வளைவில் பின் சில்லு வழுக்கி இழுத்தது. தெரு எழும்பி வந்து முகத்தில் மோதியது போல இருந்தது. நடைபாதைக் கல்லில் என் தலை இரண்டு தரம் அடிபட்ட சத்தம் ஹெல்மெட்டுக்குள்ளே கேட்டது. எழும்பி இருந்து பார்த்தேன். அத்தானுடைய ஹெல்மெட் தனியாகச் சரிவில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அத்தான் வேறு பக்கத்தில் கிடந்தார்.

மண்டையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். கழுத்தெலும்பும் வெடித்திருந்தது. நாடிக்குக் கீழே இறுக்கமான ஒரு கழுத்துப்பட்டி போட்டார்கள். அது கழன்று கழுத்துத் திரும்பினால் கை கால் இயங்காமல் போகலாம் என்றார் டொக்டர். இரண்டு நாள் அவர் கண் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஹொல்ம்லியாவிலிருந்து குலசேகரம் அண்ணை பார்க்க வந்தார். அத்தானோடு வேலை செய்பவர்.

"ஹெல்மெட் போட்டும் மண்டை உடைஞ்சுதெண்டால், பிறகென்னத்துக்கு அந்தச் சட்டி?" என்றார் அக்காவிடம். "என்ரை பெடியனுக்கும் சொல்லப்போறன், அதைத் தூக்கி எறியடா எண்டு."

பொலிஸ் திருப்பித் தந்த பை என் மடியில் இருந்தது. இரண்டு ஹெல்மெட்டையும் வெளியே எடுத்தேன். என்னுடையதில் பெருவிரல் புதையும் அளவுக்கு ஒரு காயம். அத்தானுடையதில் கொஞ்சம் மண் மட்டும்.

"அண்ணை, அத்தான்ரை ஹெல்மெட் அடியே வாங்கேல்லை," என்றேன். "அத்தான் வார் கொழுவிறேல்லை. விழேக்கையே அது கழண்டு போட்டுது. அக்கா, நான் ஆறு மாசமாப் பாத்துக்கொண்டு இருந்தனான். சொல்லேல்லை."

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த வாரை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அவர் கொழுவமாட்டார்," என்றாள். "எங்களுக்குக் கலியாணம் முடிஞ்ச வருசம். யாழ்ப்பாணத்திலை ஆமிச் சென்றிக்குக் கிட்டப் போக முன்னம் ஹெல்மெட்டைக் கழட்டிக் கையிலை பிடிக்கவேணும். அண்டைக்கு வார் இறுகிப் போச்சு. மூஞ்சையை மறைக்கிறான் எண்டு துவக்குப் பிடியாலை காதோடை அடிச்சவங்கள். இடது காது அண்டையோடை கேக்காமல் போச்சு. அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டு ஓட்டோ எடுத்தவர். ஓட்டோவுக்கு ஹெல்மெட் தேவையில்லை எண்டு."

குலசேகரம் அண்ணை என் ஹெல்மெட்டை எடுத்து அந்தக் காயத்தில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். அப்போது தாதி ஒருத்தி கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டாள்.

அத்தானுக்கு நினைவு வந்திருந்தது. ஆனால் கண்ணில் பயம். இரண்டு கையாலும் நாடிக்குக் கீழே இருந்த பட்டியைப் பிடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து வெல்குரோ ஒட்டு ஏற்கெனவே பாதி விட்டிருந்தது. அதை ஒரு தாதி அமத்திப் பிடித்தாள். மற்றவள் கைகளைக் கட்டுவதற்குத் துணிப் பட்டிகளோடு வந்தாள். அக்கா, "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ," என்று அழுதாள். அவள் நின்றது அவருடைய இடது பக்கத்தில்.

நான் தாதியைத் தள்ளிக்கொண்டு வலது காதுக்குக் கிட்டப் போனேன்.

"அத்தான்! இது ஒஸ்லோ. இஞ்சை சென்றி இல்லை. ஆரும் கழட்டச் சொல்லேல்லை. கையை விடுங்கோ!"

அவ்வளவு சத்தமாக நான் யாரோடும் கதைத்ததில்லை. அவர் கை நின்றது. ஆனால் பட்டியை விடவில்லை.

"ஒருத்தனும் அடிக்கமாட்டான். அது கழுத்திலை இருக்கட்டும் அத்தான்."

ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. தாதி வெல்குரோ ஒட்டைச் சரக்கென்று பிரித்துத் திரும்ப இறுக்கினாள். அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கை மட்டும் மேலே வரவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"உனக்கு... தலை?"

"ஒண்டுமில்லை அத்தான். நான் கொழுவினனான்."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஓம்," என்றார்.

தாதி துணிப் பட்டிகளைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனாள்.