சாக்குத் தூளி

சாக்கில் தூளி கட்டச் சொன்னவர்கள் எல்லாம் பிற்பாடு ஊரில் பெரிய மனிதர்கள் ஆனார்கள். ஏழைகளுக்காக உழைத்தோம் என்று மேடையில் பேசி மாலை வாங்கிக்கொண்டார்கள். நன்றாகப் பேசட்டும். அந்தச் சாக்கை உதறி மூங்கிலில் கட்டியவள் நான். நானும் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நெல்லித்தோப்பில் எங்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. பஞ்சாலைக்குப் போகிற பெண்கள் காலைச் சங்கு ஊதுவதற்குள் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள். பால், கஞ்சி கொடுத்து, சாயங்காலச் சங்கு வரைக்கும் நானும் சமையல்கார அம்மாளும் பார்த்துக்கொள்வோம். எனக்கு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று அப்பா என்னை இந்த வேலைக்கு அனுப்பினார். கொட்டகையை நடத்தியது ஒரு மாதர் சங்கம். அதன் தலைவி ஒரு வக்கீலின் மனைவி. கடற்கரைப் பக்கம் பெரிய வீடு. எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம்.

தூளிக்கான துணியை மட்டும் தாய்மார்களே கொண்டுவர வேண்டும். வீட்டில் கிடக்கிற நைந்த புடவை ஒன்றைக் கொண்டுவந்து அவளவளே முடிச்சுப் போட்டுக்கொள்வாள். அடுத்தவள் போட்ட முடிச்சை நம்பி எவளும் பிள்ளையைப் போட மாட்டாள்.

அவர்களில் ஒருத்தி நூல் சுற்றுகிற பகுதியில் வேலை செய்தாள். புருஷன் வேலைநிறுத்தத்தில் சீட்டுக் கிழிந்து மெட்ராஸுக்குப் போனவன், போனவன்தான். பெண் குழந்தை, தலை நிற்காத பருவம். கொட்டகை இருந்தால் அவள் மில்லுக்குப் போவாள். மில்லுக்குப் போனால் அடுப்பு எரியும். கொட்டகையை இழுத்து மூடினால் அவள் கதி என்ன?

மூடுகிற நிலைமைதான் வந்துகொண்டிருந்தது. அரிசிக்கடை பாய் ஒருவர் புண்ணியத்தில் நொய்க்குக் குறைவில்லை. பாலுக்குத்தான் வழியில்லை. சங்கத்து அம்மாக்களின் சந்தா வற்றிவிட்டது. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை மேரி. நகரசபையை எங்கள் ஊரில் மேரி என்றுதான் சொல்வோம். ஏழைகளுக்கு உழைக்கிற சங்கங்களுக்கு மேரி வருஷாவருஷம் மானியம் கொடுக்கும். கொடுப்பதற்கு முன் கமிட்டி நேரில் வந்து பார்க்கும்.

கமிட்டி வருகிறது என்று தாய்மார்களிடம் சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் கொட்டகைக்குள் நுழைந்து அப்படியே நின்றுவிட்டேன். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று மூங்கில் முழுக்கக் கூறைப்புடவைகள் தொங்கின! ஆயுசுக்கு ஒரு தடவை கட்டி, பெட்டியில் போட்டு, நல்லது கெட்டதுக்கு மட்டும் எடுக்கிற புடவைகள். அதில் பிள்ளைகளைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தலைக்கு எண்ணெய், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு.

"என்னாடி இது கூத்து?" என்றேன்.

"பெரிய மனுஷங்க வர்றாங்கல்ல அக்கா," என்றாள் நூல் சுற்றுகிறவள். "நம்ம கந்தலத்தான் அவுங்க பாக்கணுமா? நம்ம புள்ளைங்களுக்கு ஒரு மரியாத வேணாமா?" அவளுடையது அரக்கு நிறம். சரிகை ஒரு பக்கம் இற்றுப்போயிருந்தது. அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டியிருந்தாள். எனக்கும் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. வெள்ளைச் சூட்டுப் போட்ட கவுன்சிலர் ஒருவர், பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஒரு குமாஸ்தா. கவுன்சிலர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஒரு நடை நடந்தார். நூல் சுற்றுகிறவளின் தூளிச் சரிகையை விரலால் தடவிப் பார்த்தார். மதாமைப் பார்த்துச் சிரித்தார்.

"பட்டுல தூங்குற பிள்ளைங்களுக்கு மேரி பால் வாங்கித் தரணுமா மதாம்? ஊர்ல நெஜமான ஏழைங்க எவ்வளவோ பேர் இருக்காங்களே."

மதாம் முகம் சிவந்துபோனது. நான் வாயைத் திறந்தேன், கண்ணாலேயே அடக்கிவிட்டார். அடப் பாவி மனுஷா, அந்தப் புடவையைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு மரியாதை செய்யத்தானே அதை எடுத்தாள்! இதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் பொருமிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருஷம் மானியம் இல்லை. பால் நின்றது. பல் முளைக்காத பிள்ளைகளுக்கும் நொய்க்கஞ்சித் தண்ணீர்தான். நூல் சுற்றுகிறவளின் குழந்தைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவள் சாயங்காலம் வந்து குழந்தையை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் என்ன செய்வேன்? வெறும் கையால் தாலாட்டத்தான் முடிந்தது.

மறு வருஷம் கமிட்டி வருவதற்கு முந்தைய நாளே மதாம் காரில் வந்து இறங்கினார். டிரைவர் ஒரு கட்டு கோணிச்சாக்கை இறக்கி வைத்தான்.

"நாளைக்கு இதுலதான் தூளி. தலைக்கு எண்ணெய் கிடையாது. சட்டை கிழிஞ்சிருந்தா தைக்க வேணாம்."

"அவங்களும் மனுஷங்கதானே மதாம்? மனசு நோகாதா?"

"நோகட்டும். உனக்குப் பால் வேணுமா, வேணாமா? இந்தத் தடவையும் இல்லைன்னா கொட்டகையை மூடிட வேண்டியதுதான்."

சாக்கை உதறிக் கட்டினேன். காலையில் தாய்மார்கள் பார்த்தார்கள். ஒருத்தி, "வேஷமே வேணாம் அக்கா, எங்க வூட்டுல நெசமே இதான்," என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே பிள்ளைகளைச் சாக்கில் போட்டார்கள். சணல் குத்தி ஒன்று அழ, எல்லாம் சேர்ந்து அழுதன.

நூல் சுற்றுகிறவள் மட்டும் சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டாள். கையோடு கொண்டுவந்திருந்த அதே அரக்குப் புடவையை எடுத்துக் கட்டினாள்.

"ஒரு மணி நேரம்டி. எனக்காகக் கண்ண மூடிக்க," என்று கெஞ்சினேன்.

"பாலு இல்லாத வருஷமே தாங்கிட்டேன் அக்கா. எம்புள்ள பசியில அழுதா என் தலையெழுத்து. அவுங்க பாக்கணும்னு அழ வெக்க மாட்டேன்."

மதாம் விறுவிறுவென்று வந்தார். குழந்தை உள்ளே இருக்கும்போதே புடவை முடிச்சில் கை வைத்தார்.

அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். மற்றொரு கையால் முடிச்சைத் தானே உருவி, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். சங்கு ஊதியது. அவள் மில்லுக்குப் போகிற பக்கம் திரும்பவில்லை. நான் கொட்டகை வாசல் வரைக்கும் போனேன். அதற்கு மேல் போகவில்லை, அந்தத் தடவை காலையிலேயே கமிட்டி வந்துகொண்டிருந்தது.

அதே கவுன்சிலர்தான். சாக்குகளைப் பார்த்துக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகளின் அழுகையைக் கேட்டு, "ஐயோ பாவம், பாவம்," என்றார். போட்டோ எடுத்தார்கள். மானியம் கிடைத்தது. பால் வந்தது. மற்றப் பிள்ளைகள் தேறின. அதை மறைக்க மாட்டேன். அவளுக்கு மில்லில் சீட்டுக் கிழிந்தது.

சில மாதம் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். ரெட்டியார்பாளையம் பக்கத்துத் தோட்டங்களில் கீரை வாங்கி வந்து விற்றுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் இரும்புச் சட்டத்தில் அரக்குப் புடவைத் தூளி. வெயிலில் சாயம் வெளுத்திருந்தது. நான் போய் எதிரே குந்தினேன். அவளே பேசினாள்.

"அந்தச் சாக்கையெல்லாம் அவுத்துட்டீங்களா அக்கா?"

"அன்னிக்கே அவுத்துட்டோம்."

"அவுத்து?"

அவளிடம் எனக்குப் பொய் எதற்கு?

"மடிச்சுப் பெட்டியில வெச்சிருக்கோம். வருஷாவருஷம் கமிட்டி வருமாமே."

அவள் ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்துத் தண்ணீர் உதறி என் பைக்குள் வைத்தாள்.

"பத்திரமா வெச்சுக்கோங்க," என்றாள். "நானும் எம்பொடவைய அப்படித்தான் வெச்சிருந்தேன்."