நிமிடத்துக்குப் பதினெட்டு

எங்கள் வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக மூச்சு விடுகிறவர் அப்பாதான் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான். கண்டுபிடித்ததோடு நிற்காமல், ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று, நாற்பது பிள்ளைகள் கேட்க அதைப் பெருமையாக அறிவிக்கவும் செய்தேன். எல்லோரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

அப்போது நாங்கள் விளாங்குடியில் குடியிருந்தோம். திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இரண்டு அறை வாடகை வீடு. அப்பா கிரானைட் கல் பதிக்கும் வேலை பார்த்தார். ஊர் நாலா பக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு புது வீட்டிலும் ஒரு சமையல் மேடையும் ஒரு மாடிப்படியும் அவருக்காகக் காத்திருந்தன. ஒருமுறை கே.கே. நகரில் ஒரு தெருமுனையில் பைக்கை நிறுத்தி, "இந்த வரிசையில பாதி வீட்டு அடுப்படி நான் போட்டது தாயி" என்று காட்டினார். அந்த வீடுகளின் கேட்டைத் தாண்டி எங்கள் இருவராலும் எதையும் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கல்லை அளவெடுத்து, மெஷினால் அறுத்து, ஓரத்தை வழவழவென்று உருட்டி எடுக்க வேண்டும். அறுக்கும்போது தண்ணீர் விட்டால் தூசி அடங்கிவிடும். ஆனால் பூச்சு முடிந்த வீட்டுக்குள் சேறாகிறது என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வேலையும் சுணங்கும். அதனால் அப்பா மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு காய்ந்த கல்லையே அறுப்பார். சாயங்காலம் வரும்போது தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். வாசலில் நின்று சட்டையைக் கழற்றி உதறுவார். அந்த வெள்ளைப் புகைக்குள் ஓடிப்போய் நிற்பது எனக்கு விளையாட்டு. "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று விரட்டுவார். என்னை அவர் அதட்டுவது அந்த ஒரு நேரத்தில் மட்டும்தான் என்பதால், அதட்டலும் விளையாட்டில் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டேன்.

இருமல் இருந்தது. அது எங்கள் வீட்டில் யாரும் கவனிக்காத அளவுக்குப் பழகிப்போயிருந்தது. சந்து முனையில் இருமல் கேட்டால் அம்மா எழுந்து போய் டீக்குப் பாலை அடுப்பில் வைப்பாள். தினமும் ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் அவருக்குக் கொடுப்பாள். தொண்டையில் ஒட்டிய தூசியை அவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது கல் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் நம்பிய வைத்தியம். வெல்லத்தில் பாதி எனக்கு வரும்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த அறிவியல் டீச்சர் புதியவர், வயதிலும் சின்னவர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடம் நடத்துவார். மீன் செவுளால் மூச்சு விடுகிறது, மண்புழு தோலால் விடுகிறது, கரப்பான் பூச்சிக்கு உடம்பின் இரண்டு பக்கமும் பொத்தான் துளை மாதிரி ஓட்டைகள், இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, உலகமே சத்தமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் அப்பாவிடம் ஒப்பித்தேன்.

"மண்புழுவுக்கு மூக்கே கெடையாதா?" என்று கேட்டார்.

"கெடையாதுப்பா. தோல்லயே விட்டுக்கிருமாம்."

"குடுத்து வச்சது," என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

பாடத்தின் முடிவில் ஒரு வீட்டுப்பாடம் வந்தது. ஐந்து உயிர்களைத் தேர்ந்தெடுத்து, அவை அசையாமல் இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகின்றன என்று எண்ணி, நோட்டில் கட்டம் போட்டு எழுதி வர வேண்டும். பத்து மார்க். எனக்கு அது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு சந்து முழுக்க அலைந்தேன். எதிர்வீட்டு ஆட்டின் விலாவில் கையை வைத்து எண்ணினேன். பூனை தூங்கும்வரை காத்திருந்து எண்ணினேன். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாவை நிறுத்தச் சொல்லி எண்ணினேன். என்னை நானே எண்ணினேன். எண்ண ஆரம்பித்ததும் மூச்சு தானாகவே மாறிவிடுகிறது என்பதை அப்போது கண்டுகொண்டு ஆச்சரியப்பட்டேன்.

ஐந்தாவது அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எண்ணப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பை ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தெட்டு வந்தது. நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். மறுபடியும் முப்பத்தெட்டு. அம்மா பதினேழு, நான் இருபத்தொன்று, ஆடு, பூனை எல்லாம் அவருக்கு வெகுதூரம் கீழே. பேனாவை எடுத்து அழுத்தமாக எழுதினேன். எழுதி முடித்துவிட்டு அவர் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தேன். என்னத்துக்கு என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் வகுப்பில் என் முறை வந்ததும் எழுந்து, "எங்க வீட்ல எங்கப்பாதான் டீச்சர் ஃபர்ஸ்ட்டு. முப்பத்தெட்டு!" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என் அருகே வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"அப்பா அப்பத்தான் மாடி ஏறி வந்தாரா? ஓடி வந்தாரா?"

"இல்ல டீச்சர். பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு."

"காய்ச்சலா?"

"இல்ல டீச்சர்."

அவர் மற்ற நான்கு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா எண்ணிருப்ப. பெரியவங்களுக்குப் பதினெட்டு, இருபதுதான் வரும். இன்னொரு தடவ எண்ணிட்டு வா. அப்பாவ ஒரு நாள் ஸ்கூலுக்கு வரச் சொல்லு, நான் பேசணும்" என்றார். அவர் சொன்னதில் 'தப்பு' என்ற ஒரு சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. மற்ற எல்லோருக்கும் சிவப்பு மையில் டிக் விழுந்தது. எனக்கு மட்டும் அப்பாவின் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

சாயங்காலம் அழுதுகொண்டே அதைச் சொன்னேன். தையல் மெஷின் நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு வந்தா சரியாம்?" என்று கேட்டார்.

"பதினெட்டு."

"அம்புட்டுத்தான? நீ அன்னைக்கி தப்பா எண்ணிட்ட தாயி. இப்ப எண்ணு."

நாற்காலியை இழுத்துப் போட்டு, படம் எடுக்க உட்காருகிறவர் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். போனைத் தன் பக்கமும் திருப்பி வைக்கச் சொன்னார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு மூச்சையும் மெதுவாக, கதவைச் சத்தமில்லாமல் திறப்பதுபோல இழுத்தார். இழுத்ததை அப்படியே வைத்திருந்தார். பிறகு மெதுவாக விட்டார். பாதி நிமிடத்துக்குமேல் அவர் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியது. கண் சிவந்து நீர் கட்டியது. உதட்டை இறுக்கிக்கொண்டு போனில் ஓடும் எண்களையே பார்த்தார். அம்மா, "போதுங்க" என்றாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

சரியாகப் பதினெட்டு.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "போங்கப்பா, தோத்துட்டீங்க" என்றேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அம்மாவும் பின்னாலேயே போனாள்.

அடுத்த நாள் நோட்டைப் பார்த்ததும் டீச்சர் முகம் தெளிந்தது. "பாத்தியா, நிதானமா எண்ணுனா சரியா வருதுல்ல" என்று டிக் போட்டார். பத்துக்குப் பத்து. அப்பாவை வரச் சொன்னேனே என்று கேட்டார். வேலை இருக்கிறதாம் என்றேன். "சரி, பரவால்ல" என்றார். அதோடு அது முடிந்துபோனது.

மழைக்காலம் முடியும் சமயத்தில், கே.கே. நகரில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடிக்குக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு மாத்திரைகள் வந்தன. ஓர் ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். அப்பா ஒரு நாள் தவறாமல் அத்தனை மாத்திரைகளையும் விழுங்கினார். மூன்று மாதத்தில் சட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. சிம்மக்கல்லில் பழக்கடை வைத்திருந்த பெரியப்பா ஒரு நாள் வந்து அவரைப் பார்த்துவிட்டு, உடனே வெளியே போய் ஆட்டோ கூட்டி வந்தார். நுரையீரலுக்கென்றே இருந்த ஒரு டாக்டரிடம் போனோம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

காத்திருந்தபோது அப்பா அங்கே இருந்த கிரானைட் மேடையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "சரியா உருட்டல" என்று பெரியப்பாவிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அப்பா சொன்னார். அது டி.பி. இல்லை, கல் தூசி உள்ளே போய் நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது, இனி அதை இளக்க மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். சத்தமில்லாமல், ஒவ்வொன்றாகத்தான் சொன்னார். பிறகு, "மூச்சு எவ்வளவு நாளா இப்படி வாங்குது?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சார். மழைக்கு அப்புறந்தான்."

எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசுகிறார்கள் என்ற உற்சாகத்தில் நான் குறுக்கே புகுந்தேன். "இல்ல டாக்டர், அதுக்கு முன்னாடியே முப்பத்தெட்டு இருந்துச்சு. நான் எண்ணுனேன். அப்புறம் பதினெட்டு ஆயிருச்சு." டாக்டர் எப்படி என்று கேட்டார். நாற்காலி, போன், பத்து மார்க் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரு நிமிஷம் முழுக்கவா பிடிச்சு வச்சீங்க?"

அப்பா குற்றம் செய்து பிடிபட்டவர் மாதிரி சிரித்தார். "புள்ளைக்கு மார்க்குப் போயிரும்ல சார்."

அடுத்த தை பிறப்பதற்குள் அப்பா போய்விட்டார். கடைசி நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள், விசிறி எதற்கும் உதவாது என்று தெரிந்தும். டீச்சர் துக்கத்துக்கு வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வீட்டுக்கு வந்து பாத்திருக்கணும்மா, நான் வந்திருக்கணும்" என்று அம்மாவிடம் அழுதார். "நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க, அப்பவே எல்லாம் உள்ள போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு" என்று அம்மாதான் அவரைத் தேற்றினாள். டீச்சர் எதற்காக எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்காக, என் மார்க்குக்காக அப்பா அதைச் செய்தார் என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு சுகம்கூட இருந்தது. எனக்கு வேலை கிடைத்து, விளாங்குடி வீட்டைக் காலி செய்த அன்று, கொல்லையில் துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து அம்மா சொன்னாள்.

"அன்னைக்கி இங்கனதான் உக்காந்தாரு. கொழாயத் தெறந்து விட்டுட்டு இருமுனாரு பாரு, உசுரு போயிரும்னு பயந்தே போனேன். நெஞ்ச நீவி விட்டேன். கொஞ்சம் அடங்குனதும் என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. 'பதினெட்டு பாத்தியா, ஒரு நிமிசம் எல்லாரும் விடுற மாதிரி விட்டுட்டேன்ல'ன்னு. பச்சப்புள்ள மாதிரி. அவருக்கு முன்னாடியே தெரியும்டி. கூட வேல பாத்த ஒருத்தரு இப்படியே போனவருதான். நானும் சிரிச்சேன், வேற என்னத்தச் செய்ய."

அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருந்தது. அப்போது நான் முன்னறையில் உட்கார்ந்து, பேனாவில் எழுதிய முப்பத்தெட்டை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாள் கிழிந்துவிட்டது. கொல்லையிலிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. தப்பாக எண்ணியதற்கு என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். அன்று சாப்பிடக் கூப்பிட்டபோது அப்பா பக்கத்தில் போய் உட்காரவில்லை. அவர் இரண்டு முறை கூப்பிட்டார். ரோசத்தில் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.