அம்மீட்டருக்குப் பின்னால் ஒரு தாயத்து

மோட்டார் காருக்குத் தாயத்து கட்டியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு விசாரித்ததில் ஊருக்கு நாலு பேர் அப்படி இருப்பது தெரிந்து, கொஞ்சம் வருத்தமாகப் போயிற்று. ஆனால் கட்டிய தாயத்தாலேயே காரின் ஒயரை எரித்தவன் என்ற பெருமையை இதுவரை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு நடந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் வேப்பம்பட்டில் கழனியைப் பார்த்துக்கொண்டிருக்க, என்னைப் படிப்பதற்காகத் திருமுல்லைவாயிலில் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். சித்தப்பா அம்பத்தூரில் ஓர் அரிசி மில் முதலாளியிடம் டிரைவர். துணிக்கூரை போட்ட பெரிய கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவுவதற்காக அதை எங்கள் தெருவுக்கே ஓட்டிவருவார். நான் கண்ணாடி துடைப்பேன். கூலியாக ஒரே ஒரு முறை ஹாரன் அடிக்கலாம். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, மோட்டார் சாஸ்திரத்தில் சித்தப்பாவுக்கு அடுத்தபடி நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன். நம்பியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் எதையும் நம்புவான்.

சித்தப்பா எதையும் நம்பாதவர். எங்கே பகுத்தறிவுக் கூட்டம் நடந்தாலும் சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வந்து, திருஷ்டிப் பூசணி, எலுமிச்சம்பழம், மந்திரித்த கயிறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிப்பார். சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமையானால் தன் பாட்டுக்குக் கோயிலுக்குப் போய்விடுவாள். இதில் சண்டையே வந்ததில்லை. ஆனால் அந்த முதலாளியிடம் முன்பு இருந்த டிரைவர், ஒரு மழைநாளில் ஏரிக்கரையிலிருந்து வண்டியோடு சரிந்து, இப்போது கோல் ஊன்றி நடக்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சித்திக்கு நிம்மதி போயிற்று. பொழுது சாய்ந்தால் அடுப்பங்கரைக்கும் தெருவாசலுக்குமாக நடப்பாள். சித்தப்பா வந்து சேர்ந்த பிறகுதான் உலையில் அரிசி விழும். இதில் பெரிதும் பாதிக்கப்பட்டது என் வயிறு.

ஒரு நாள் சித்தி பூந்தமல்லிக்குப் போய், அங்கே தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரிடம் ஓதி வாங்கிய செப்புத் தாயத்து ஒன்றைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றதும் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

“கண்ணு, ஒங்க சித்தப்பா பாத்தா தூக்கி எறிஞ்சிடுவாரு. வண்டில கண்ணுக்குத் தெரியாத எடமா பாத்துக் கட்டிடு. யார்கிட்டயும் மூச்சு உடாத.”

மோட்டார் நிபுணனிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை. அதைச் சாதாரணமாகச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. வண்டிக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, டிரைவருக்கு எதிரே இருக்கும் பலகையின் பின்புறத்தை ஆராய்ந்தேன். அந்தப் பலகையில் அம்மீட்டர் என்று ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். மின்சாரம் பாட்டரிக்குள் போகிறதா, பாட்டரியிலிருந்து போகிறதா என்று காட்டும் முள் அதற்குள் ஆடும். அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க ஒருவருக்கும் வேலை வராது. அதுதான் இடம் என்று முடிவு செய்தேன். தாயத்தோடு வந்த கறுப்புக் கயிறு இற்றுப்போகும் என்று பட்டது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சித்தப்பாவின் ஆயுதப் பெட்டியிலிருந்தே ஒரு துண்டு செப்புக் கம்பியை எடுத்து, ஒரு முனையை இரும்புச் சட்டத்தில் முறுக்கி, மறுமுனையில் தாயத்தைத் தொங்கவிட்டேன்.

அது தொங்கிய இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி அம்மீட்டரின் பித்தளைத் திருகாணிகள் இருந்தன. பாட்டரியின் மின்சாரம் அந்த வழியாகத்தான் வண்டிக்குள் வருகிறது என்பதும், வண்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் எதுவும் அந்தத் திருகாணியைத் தொடக் கூடாது என்பதும் என் சாஸ்திரத்தில் இன்னும் வராத பாடங்கள்.

மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், முதலாளியை ஆவடியிலிருந்து அழைத்துவரும்போது கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பலகைக்குப் பின்னாலிருந்து புகை கிளம்பியது. துணி கருகும் நாற்றம். அப்புறம் எஞ்சினும் நின்றது. நெல் மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒரு வண்டிக்காரரின் மாடுகள் இரண்டைக் கட்டி, அம்பத்தூர் கடைத்தெரு முழுக்கப் பார்க்க, காரை மில்லுக்கு இழுத்துப்போயிருக்கிறார்கள். முதலாளி இறங்கி நடந்து வந்திருக்கலாம். கௌரவம் பார்த்து உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம்.

அதில் அவருக்கு ஏகக் கோபம். போதாததற்கு, மறுநாள் மாலை நாலு மணி ரயிலில் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து காரில் அழைத்துவருவதாகக் கடிதம் போட்டாயிற்று. முதலாளி சொன்னதைச் சித்தப்பா அன்றிரவு சித்தியிடம் அப்படியே சொன்னார்: “நாலு மணிக்கு வண்டி ஓடலன்னா வண்டியும் வேணாம், நீயும் வேணாம், எனக்கு ஜட்காவே போதும்னுட்டாரு.”

சித்தி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி. பொய்யில்லை, நிஜமாகவே வலித்தது. சித்தப்பாவின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு நானும் மில்லுக்குப் போனேன். பூந்தமல்லியிலிருந்து மெக்கானிக் பாய் வந்திருந்தார். ஒல்லியான ஆள், காதில் பென்சில், வாயில் வெற்றிலை. வந்ததும் எதையும் தொடவில்லை. வண்டியைச் சுற்றிவந்து, நல்ல குழம்பை முகர்வதுபோல அங்கங்கே முகர்ந்து பார்த்தார். பிறகு பாட்டரியிலிருந்து பலகை வரை போகும் ஒயர்க் கட்டின் மேல்துணியைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தார். உள்ளே ஐந்தாறு ஒயர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நூல் சட்டை. அதில் ஒன்று மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கரியாகியிருந்தது. முதலாளிக்கு நிம்மதி. அதை மாற்றிவிட்டால் ஆயிற்று என்றார்.

“மாத்தறது இன்னா பெரிய வேல, மொதலாளி. ஏன் எரிஞ்சிதுன்னு தெரியாம மாத்துனா புச்சும் எரியும்” என்றார் பாய்.

எலி கடித்திருக்கும் என்றார் சித்தப்பா. திருஷ்டி என்றார் முதலாளி. மோட்டார் நிபுணன் வாய் திறக்காமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பாய் ஒரு புது ஒயரை வெளியே வைத்தே இணைத்து, அதற்கும் பாட்டரிக்கும் நடுவில் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கட்டினார். எங்கேயாவது மின்சாரம் வழி தவறி இரும்புக்குள் ஓடினால் பல்பு எரியும், ஒயர் பிழைக்கும் என்றார். பல்பு எரியவில்லை. எல்லா ஒயரையும் ஆட்டிப் பார்த்தார், எரியவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். ஓடும்போதுதானே எரிந்தது, அப்படியானால் வண்டியை ஆட்டுங்கள் என்றார். மில் ஆட்கள் நாலு பேர் மட்கார்டைப் பிடித்து ஆட்டினார்கள். போதவில்லை என்று முதலாளியும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கார் தூளிபோல ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பல்பு கண் சிமிட்டியது.

“கீது. பலகைக்குப் பின்னாலதான் கீது” என்ற பாய் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “நைனா, ஒன் கை சின்னது. உள்ள உட்டு இன்னா தட்டுதுன்னு பாரு.”

கையை விட்டேன். தாயத்து விரலில் பட்டது. இன்னும் நான் முறுக்கிய முறுக்கு அவிழாமல் கெட்டியாக இருந்தது. வேலை சுத்தம் என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல பாய்” என்றேன்.

கார் ஆடியது. பல்பு எரியவில்லை.

கையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பல்பு சிமிட்டியது. மறுபடி விடச் சொன்னார். விட்டேன். அணைந்தது. இப்படி மூன்று தடவை. முதலாளிக்கு மூச்சு வாங்கியது.

“ஒன் கை உள்ள போனா நோவு தீருது, வெளிய வந்தா நோவு வருது” என்றார் பாய் என்னை உற்றுப் பார்த்து. “நல்ல கைராசிடா ஒனக்கு.”

அப்புறம் தானே மண்டியிட்டு, சிரமப்பட்டுக் கையை நுழைத்தார். உள்ளே எதையோ தடவி, முறுக்கை அவிழ்த்தார். கை மூடியபடி வெளியே வந்து நேராகச் சட்டைப் பைக்குள் போயிற்று. என்ன அது என்று முதலாளி கேட்டார்.

“ஒரு திருகாணி, மொதலாளி. கயண்டு தொங்கிகினு இருந்திச்சி. டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல. இந்த ரோட்ல என் பல்லே ஆடுது.”

மூன்று மணிக்குப் புது ஒயரோடு எஞ்சின் உறுமியது. முதலாளி எதற்கும் இருக்கட்டும் என்று நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தார். சித்தப்பா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏனென்றால் சற்று முன்புதான் மில் கிணற்றடியில் பாய் அந்தச் செப்புத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “அண்ணாத்தே, இது எங்க தெரு மாலு. பொம்பளைங்கதான் வந்து வாங்கிகினு போவாங்க” என்று தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார். சித்தப்பா கறுத்துப்போன அந்தத் தாயத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு நாலு சாத்துவார் என்று காத்திருந்தேன்.

கூப்பிட்டார். “சித்தி காலைல சாப்ட்டாளாடா?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். வண்டி ரிப்பேருக்கும் சித்தி சாப்பிட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. வேலை பிழைத்த சந்தோஷத்தில் சித்தப்பாவுக்கு மூளை கொஞ்சம் கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். காரைப் பிடித்தது, பெண்ணையும் பிடித்தது என்று கேள்வி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். அவருடைய அரைஞாண் கயிற்றில் அந்தத் தாயத்து தொங்கியது. ஒரு பக்கம் மின்சாரம் தீய்த்த கறுப்பு அப்படியே இருந்தது. துணி அலசிக்கொண்டிருந்த சித்தி பார்க்காததுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் நம்பாத மனிதர் இப்படி மாறிவிட்டாரே என்று திகைத்தேன். சாயங்காலம் வழக்கம்போலக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, தாயத்துக் கட்டுகிறவர்களை அவர் கிண்டல் செய்தபோது இன்னும் குழம்பிப்போனேன்.

இரண்டு நாள் யோசித்து, கடைசியில் விஞ்ஞானப்படி ஒரு முடிவுக்கு வந்தேன். சாதாரணத் தாயத்தை அவர் நம்பமாட்டார். ஆனால் இது கார் பாட்டரியின் ஆறு வோல்ட் பாய்ந்த தாயத்து. ஒயரையே எரித்த சக்தி உள்ளே ஏறியிருக்கிறது. அது தெரிந்துதான் கட்டிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதை விளக்கிச் சொன்னேன். அந்த இரண்டு பேரும் நம்பினார்கள்.

அதன் சக்திக்கு என் வீட்டிலேயே அத்தாட்சியும் இருந்தது. அந்த வாரத்திலிருந்து சித்தி தெருவாசலுக்கு நடப்பதை நிறுத்திவிட்டாள். சித்தப்பா வர எவ்வளவு நேரமானாலும் எனக்குப் பொழுதோடு சோறு விழுந்தது. அதற்கும் ஆறு வோல்ட்தான் காரணம் என்று, சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டே குறித்துக்கொண்டேன்.