மிளகளவுக் கல்

கொழும்பில் எங்கள் வீட்டு நோயை டாக்டரைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. தூத்துக்குடியில் முதலில் பார்ப்பவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. சீனி வாங்கப் போன அம்மாவை வெயிலில் நிறுத்திக் கீழிமையை இழுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை கீழாநெல்லியோடு எங்கள் வாசலில் நின்றார்.

"காமாலைல்லா இது! மோர்ல அரைச்சுக் குடு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிராத ஏளா, ஊசி போட்டா ஆளு தேறாது."

எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். கொழும்பை விட்டு இங்கே வரக் கப்பலேறும் முன் அம்மாவின் பித்தப்பையை நானே படம் எடுத்தேன். முந்தின இரவு, படத்தில் பை தெரிவதற்கான மாத்திரை; காலையில் வெறும் வயிற்றில் படம். வெளுத்துத் தெரிந்த பைக்குள் மிளகளவில் சில கரும்புள்ளிகள். தொந்தரவு தராத கல்லைச் சும்மா விடலாம் என்றார் கொழும்பு டாக்டர். கூடவே அவர் சொன்னதை அங்கிருப்பவர்களுக்கும் இங்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் சொல்கிறேன்: வலது விலாவுக்குக் கீழே மணிக்கணக்கில் விடாத வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள். எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. சின்னக் கல் என்ற நிம்மதி அரை நிம்மதிதான். சின்னது என்பதாலேயே அது நழுவிப் பித்தக் குழாயை அடைத்துவிடலாம். அண்ணாச்சி வந்து நின்ற அந்தக் காலை அம்மாவுக்கு உடம்பு கொதித்தது. பற்கள் கிடுகிடுத்தன.

"அண்ணாச்சி, இது கல் அடைச்ச காமாலை. இதுக்குக் கீழாநெல்லி கேட்காது."

"சிலோன்காரிக்கு நம்ம மருந்து எளப்பமாப் போச்சு, என்ன?" இலையைப் படியில் போட்டுவிட்டுப் போனார்.

மருத்துவமனையில் சர்ஜன் அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றே திறக்க வேண்டும் என்றார். காமாலையில் ரத்தம் எளிதில் உறையாதாம். சொந்தக்காரர்களை ரத்தம் கொடுக்க அழைத்து வரச் சொன்னார். என் ரத்தம் சேரவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. அதையும் காலையில்தான் முறித்துக்கொண்டிருந்தேன். ரிக்‌ஷாவில் கடைக்குத் திரும்பினேன்.

அண்ணாச்சி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கடையில் நின்றவர்கள் காதுபட எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க மருந்து ஆகாது, எங்க ரத்தம் மட்டும் ஆகுமோ?" என்றார். கடையில் சிரிப்பு எழுந்தது. அவர் தராசை இறக்கி வைத்துவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "என்ன பாத்துக்கிட்டு நிக்க? நட."

அவர் ரத்தம் சேர்ந்தது. குழாயில் அடைத்திருந்த கல்லை எடுத்துவிட்டதாகச் சர்ஜன் சொன்னார். காய்ச்சல் இறங்கினால்தான் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியும் என்றும் சொன்னார். பாட்டிலிலிருந்து அண்ணாச்சியின் ரத்தம் அம்மாவின் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா கண் திறந்தாள். இன்னும் மஞ்சள்தான்.

"வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

எந்த வீட்டுக்கு என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.